ஒடியற்கூழுக்கு ஒரு தூரிகை எழுத்து: உப்புவெளிப் பெயர்ப்பலகை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளிப் பக்கமாக, சனி ஞாயிறுகளில் மட்டும் ஒடியற்கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கடலுணவுக் கூழ்) விற்கும் சிறு கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் அக்கா நெடுங்காலம் வீட்டிலேயே கூழ் காய்ச்சித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவந்தவர். வீதியோரத்தில் இடம் கிடைத்ததும் பெயர்ப்பலகை, பொதி செய்யும் கிண்ணத்துக்கு ஸ்டிக்கர், ஓட்டோவின் பின்புறத்துக்கு ஒரு விளம்பரம், கடைப் பக்கச் சுவருக்கு ஓர் எழுத்து என்று, பலகை எழுத்து வடிவமைக்கும் என்னிடம் கேட்டு வந்தார். நிபந்தனை ஒன்றுதான் வைத்தார். எழுத்து தூரிகையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும். கையால் சமைத்த சாப்பாடு என்பது பலகையைப் பார்த்தவுடனேயே தெரிய வேண்டும்.

கடையின் பெயரை அவருடைய விருப்பப்படி இங்கே தரவில்லை. பலகையின் பெரும்பகுதியை நிறைத்தது 'ஒடியற்கூழ்' என்ற சொல்தான். ஆய்வுக்கு அந்த ஆறு எழுத்துகளே போதும்.

அக்கா தொலைபேசியில் காட்டிய மாதிரிகள் எல்லாம் ஆங்கிலம். கடற்கரை விடுதிகளின் பலகைகள், சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களின் பட்டியல்கள் என எல்லாவற்றிலும் வலப்பக்கம் சாய்ந்து, ஓர் எழுத்து அடுத்த எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும் தூரிகை வடிவம். அதையே தமிழில் செய்து தர முடியுமா என்று கேட்டார். அவருடைய ஆசை முழுக்கச் சரி என்றே எனக்குப் பட்டது. பிழை மாதிரியில் இருந்தது. எங்கே பிழை என்பதை அவருக்குப் புரியவைக்க, அந்த ஆங்கில எழுத்துகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

1942இல் அமெரிக்காவில் ராபர்ட் ஈ. ஸ்மித் 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்ற எழுத்துருவை அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வரைந்தார். தனித்தனி ஈய அச்சுகளை வரிசையாக அடுக்கினால், எழுதிய கோடு அறுபடாமல் ஓடுவதுபோல் தோன்ற வேண்டும் என்பதே அதன் சவால். 1953இல் பிரான்சில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை அடிப்படையாக வைத்து 'மிஸ்ட்ரல்' என்ற எழுத்துருவை உருவாக்கினார். நம் வீதிகளில் இன்று அதிகம் தென்படும் 'பசிஃபிக்கோ', 'லாப்ஸ்டர்' போன்ற இலவச எழுத்துருக்கள் இந்த மரபில் வந்தவை. இவற்றின் சூட்சுமம் எளிமையானது. லத்தீன் சிற்றெழுத்துகளில் பெரும்பாலானவை அடிக்கோட்டுக்கு அருகில் முடிந்து வலப்பக்கம் வெளியேறுகின்றன. அடுத்த எழுத்து அந்த இடத்திலேயே அதை எதிர்கொள்கிறது. இணைப்பு நிகழும் உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் எந்த எழுத்துக்குப் பின் எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் அப்படி ஓர் உயரம் கிடையாது. 'ட' அடிக்கோட்டின் வலப்பக்கத்தில் முடிகிறது. 'ய' மேலே ஏறி முடிகிறது. 'ற', 'ழ' இரண்டும் கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. கொம்பு உள்ள எழுத்துகளில் குறி முன்னால் வந்து நிற்கிறது. புள்ளி வைப்பதற்குக் கை தாளை விட்டே எழ வேண்டும். இந்த எழுத்துகளைச் செயற்கையான இழைகளால் ஒட்டினால் 'ட' வேறு எழுத்தாகத் தெரியும், 'ர' துணைக்காலாகத் தெரியும். சாய்வும் அப்படித்தான். நெட்டையான எழுத்துகள் சாய்ந்தால் வேகம் தெரியும். 'ஒ', 'ழ', 'கூ' போன்ற அகன்ற எழுத்துகள் சாய்ந்தால் தடுமாற்றம்தான் தெரியும்.

இங்கே ஒரு சிறிய விலகல். அக்காவின் கடைக்கு வரும் அதே நிலாவெளி வீதியில்தான் உப்புவெளிப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே நிற்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைக் கற்களின் எழுத்து மக்டொனால்ட் கில் வரைந்தது. எல்லாக் கற்களிலும் ஒரே வடிவம், ஒரே அளவு. இறந்தவர்களுக்குள் பதவி வேறுபாடு காட்டக் கூடாது என்ற கொள்கைக்கு அந்த ஒருமை பொருந்துகிறது. 'பிரஷ் ஸ்கிரிப்ட்' வெளிவந்த அதே 1942ஆம் ஆண்டின் ஏப்ரல் 9ஆம் திகதிதான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. இங்கே இரண்டு எழுத்துகள்: கல்லின் எழுத்து எந்தக் கையின் தடயமும் தெரியாமல் இருப்பதால் மரியாதை பெறுகிறது, மற்றது கையின் தடயம் தெரிவதற்காகவே பிறந்தது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அழகா அழகில்லையா என்பதைவிட இந்த வேறுபாட்டையே முதலில் எடை போடுகிறேன்.

கை எங்கே தெரிகிறது?

தமிழ்த் தூரிகை எழுத்துக்கு மாதிரி தேடி நாங்கள் போனது டச்சுக்குடாக் கரைக்கு. அங்கே இழுத்து வைத்திருக்கும் வள்ளங்களின் முகப்பில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன: சாமி பெயர், பிள்ளையின் பெயர், சில இடங்களில் வெறும் பதிவு இலக்கம். எனாமல் பெயின்டில், வளைந்த பலகையின்மேல், காற்று வீசும்போது எழுதியவை. அவற்றில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, சாயவும் இல்லை. ஆனாலும் சொல் ஓடுகிறது. காரணம் அழுத்தத்தின் ஒழுங்கு. கீழிறங்கும் கோட்டில் தூரிகை அழுந்துகிறது, வளைந்து மேலேறும்போது இளகுகிறது, முடிவில் மெலிந்து எழுகிறது. இந்த ஏற்ற இறக்கம் எழுத்துக்கு எழுத்து அதே தாளத்தில் வருவதால் கண் அவற்றைச் சேர்த்தே படிக்கிறது.

இந்த அழுத்தம் ஓலைச்சுவடியிலிருந்து வந்ததல்ல. எழுத்தாணி ஓலையைக் கிட்டத்தட்ட ஒரே தடிப்பில் கீறும். கீறலில் கரி பூசினால்தான் எழுத்து தெரியும். ஓலை கிழியும் என்பதால் புள்ளிகூட வைக்காமல் விட்டார்கள். நம் எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் பின்னால் அச்சிலும் தூரிகையிலும் கிடைத்தவை. அதனால், தமிழ்த் தூரிகை எழுத்துக்கு முன்னோடி யார் என்று கேட்டால், சுவரிலும் வள்ளத்திலும் பஸ்ஸிலும் பெயர் எழுதியவர்கள் என்றே சொல்வேன். அவர்களுடைய வேலையைப் பெயர் சொல்லி யாரும் பதிந்துவைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அப்படி எழுதி வாழ்ந்த ஐயா ஒருவரிடம் அக்காவையும் அழைத்துப் போனேன். அவர் சொன்னவற்றுள் ஒன்று இந்த வேலை முழுவதற்கும் அளவுகோலாகிவிட்டது. தூரிகை பெயின்டில் தோய்ந்து வந்தவுடன் நிறைந்திருக்கும், போகப்போக வறளும். ஆகவே கோட்டின் தொடக்கம் கொழுத்தும் முடிவு வறண்டும் இருக்க வேண்டும். ஒரு முறை தோய்த்தால் அவர் கணக்கில் ஓரிரு எழுத்துகள் வரும். அதன் பிறகு மறுபடியும் தோய்க்க வேண்டும். அதனால் நல்ல கையெழுத்துப் பலகையில் நிறைவும் வறட்சியும் சொல்லின் நீளத்தில் மாறி மாறி வரும்.

இந்த அளவுகோலை வைத்துச் சந்தையிலுள்ள தூரிகை எழுத்துருக்களைப் பார்த்தால் பல விழுந்துவிடும். வறண்ட இழைகள் கோட்டின் தொடக்கத்தில் இருக்கும். அல்லது ஒவ்வோர் எழுத்தும் அதே இடத்தில் அதே மாதிரிக் கிழிந்திருக்கும்.

பழைய எழுத்துருக்கள் ஏன் முத்திரை குத்தியதுபோல் இருக்கின்றன

இலங்கையின் தமிழ் அச்சகங்களில் பாமினி முறை இன்னும் உயிரோடிருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த முறை அது. எழுத்துருவை மாற்றினால் சொல் ஆங்கிலக் குப்பையாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அந்த முறையில் மொத்தமே 256 இடங்கள்தான். தமிழில் உகர, ஊகாரக் குறிகள் மெய்க்கு மெய் உருவம் மாறுவதால் 18 மெய்களுக்கு 36 வடிவங்களைத் தனித்தனியே வைத்தாக வேண்டும். அவற்றோடு உயிர், மெய், கிரந்தம், குறிகள், எண்கள் எல்லாம் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். ஒரே எழுத்துக்கு இரண்டாவது வடிவம் வைக்க இடமே இருக்காது. ஆகவே 'ன்' நான்கு முறை வந்தால் நான்கும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். கண் அதை உடனே பிடித்துக்கொள்ளும். கையெழுத்து என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான குறியீடு தரும் யுனிகோடும், அந்தக் குறியீட்டுக்கு உருவம் தரும் எழுத்துரு முறையான ஓப்பன்டைப்பும் இந்தத் தடையை நீக்கின. ஓப்பன்டைப் எழுத்துரு ஒன்றுக்குள் 65,535 வடிவங்கள்வரை அடங்கும். குறியீடு ஒன்றாக இருந்தாலும், பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பார்த்து வேறு வடிவத்தை எழுத்துருவே எடுத்துக்கொடுக்கும்படி விதி எழுதலாம். தூரிகை எழுத்துருவுக்கு இது அலங்காரமல்ல, உயிர்நாடி. வாங்குமுன் இரட்டித்த எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள்: 'அப்பம்', 'கத்தரிக்காய்', 'வெள்ளை'. மாற்று வடிவம் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் திறந்துவிடாமல் சோதித்தால், கொம்புகள் இடம் மாறி நிற்கும். அதற்கு எழுத்துருவைக் குறை சொல்லக் கூடாது.

உரிமத்தையும் அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை திறந்த உரிமம் உள்ளவை. கடைப் பலகைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' இருக்கிறது. வலப்பக்கம் சாய்ந்த, மிக நேர்த்தியான கையெழுத்து வகை. அழைப்பிதழுக்கும் கவிதைக்கும் நான் தயங்காமல் எடுப்பேன். ஆனால் அது பேனாவின் கை. அக்காவுக்கு வேண்டியது பெயின்ட் நிறைந்த தூரிகையின் கை. கடைசியில் வணிக உரிமத்தோடு, நிமிர்ந்து நிற்கும் ஒரு தூரிகை எழுத்துருவை விலை கொடுத்து வாங்கினோம். எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றித் திருத்த அதன் உரிமம் இடம் கொடுக்கிறதா என்பதையும் பார்த்தே வாங்கினோம்.

ஆறு எழுத்துகள்

'ஒடியற்கூழ்' என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. எந்த எழுத்தும் திரும்ப வரவில்லை: ஒ, டி, ய, ற், கூ, ழ். திரும்ப வருவது புள்ளி மட்டுமே. எழுத்துருவில் அந்த இரண்டு புள்ளிகளும் ஒரே வட்டம், ஒரே உயரம். ஆறு எழுத்தும் கையால் எழுதியதுபோல் இருந்தபோதும் இந்த இரண்டு வட்டங்கள் கணினியைக் காட்டிக்கொடுத்தன. தூரிகையால் புள்ளி வைத்தால் வட்டம் வராது. நுனியை ஒற்றி எடுத்த நீள்வட்டம் வரும். 'ற்' மேல் உள்ளதைச் சிறிதாக்கிச் சற்றே வலப்பக்கம் தள்ளினேன். 'ழ்' மேல் உள்ளதைப் பெரிதாக்கி, சொல்லை முடித்துவிட்ட கையின் உறுதியோடு உயரத்தில் வைத்தேன். திருத்தம் என்று பார்த்தால் மிகச் சிறியது. அக்கா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது மாறியது என்று சொல்லத் தெரியாமலே, இரண்டாவதுதான் எழுதியது என்று விரலை வைத்தார்.

'ஒ' இன்னொரு சிக்கல். உள்ளே சுழியும் தொடக்கத்தில்தான் தூரிகை நிறைந்திருக்கும். அதே இடத்தில்தான் எழுத்தின் வெளியும் மிகக் குறுகல். இயல்பை அப்படியே விட்டால் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புக் குமிழாகிவிடும். மெலித்தால் பெயின்ட் நிறைந்த தொடக்கம் என்ற உண்மை கெடும். சுழியை மெலிக்காமல் முழு எழுத்தையும் சற்று அகலமாக்கி உள்வெளியைத் திறந்தேன். ஐயாவும் வள்ளங்களில் அதையே செய்திருக்கிறார் என்பது பின்னர் கண்ணில் பட்டது. அவருடைய 'ஒ' எப்போதும் பக்கத்து எழுத்துகளைவிட அகலம்.

'ற்' கீழே இறக்கிய கால், அடுத்து வரும் 'கூ' வின் அடியில் போய் நின்றது. எழுத்துருவின் இடைவெளிக் கணக்கு அவை முட்டாமல் இருக்கத் தள்ளிவைத்ததால் 'ஒடியற்' என்றும் 'கூழ்' என்றும் சொல் இரண்டாகப் பிளந்து தெரிந்தது. காலைச் சிறிது குறுக்கி, 'கூ' வை அருகே இழுத்தேன். 'கூ' தான் இந்தச் சொல்லின் அகன்ற எழுத்து, அதன் நடுக்கனம் அங்கேதான் விழுகிறது. அதற்கு மட்டும் புதிதாய்த் தோய்த்த நிறைவைக் கொடுத்தேன். 'ஒ' வில் நிறைந்து, 'டி', 'ய' என்று வறண்டு, 'ற்' இல் மெலிந்து, 'கூ' வில் மறுபடி நிறைந்து, 'ழ்' வாலில் வறண்டு முடிகிறது சொல். தோய்ப்பு இரண்டு. வாயால் சொல்லும்போதும் அங்கேதான் மூச்சு விழுகிறது.

தூரமும் வெயிலும்

எழுத்துயரம் 1 அங்குலத்துக்கு 10 அடி தூரத்திலிருந்து சுகமாகப் படிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. தமிழுக்கு அந்த உயரத்தை 'ய' போன்ற எழுத்தின் உடலில் அளக்க வேண்டும். 'டி' யின் விசிறியையும் 'ழ' வின் வாலையும் சேர்த்து அளந்தால் ஏமாற்றமே. 8 அடிக்கு 3 அடிப் பலகையில் உடல் உயரம் 10 அங்குலம் வந்தது. அதாவது 100 அடி, ஏறத்தாழ 30 மீட்டர். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் அந்தத் தூரத்தை இரண்டு வினாடியில் கடந்துவிடும். இரண்டு வினாடியில் ஒரு சொல்லைத்தான் தூரிகை எழுத்தில் படிக்க முடியும். 'நண்டு, இறால், கணவாய், மீன்' என்ற வரியையும் அதே எழுத்தில் போடலாமே என்று அக்கா கேட்டபோது இந்தக் கணக்கையே காட்டினேன். அந்த வரி சாதாரண நேர் எழுத்தில் போனது. தூரிகை எழுத்து பலகையில் ஒரே ஒரு சொல்லுக்கு இருந்தால்தான் அது குரல். எல்லா வரிக்கும் இருந்தால் இரைச்சல்.

வறண்ட இழைகள் நிறைந்த வெளிக்கோட்டில் ஆயிரக்கணக்கான முனைகள் இருக்கும். வினைல் வெட்டும் இயந்திரத்தின் கத்தி அவற்றில் திணறும். வெட்டியதை உரிக்கும்போது மெல்லிய இழைகள் கூடவே பிய்ந்து வரும். அதனால் பலகைக்கு ஓரம் மழமழப்பான வடிவம், அச்சிடும் ஸ்டிக்கருக்கு இழை உள்ள வடிவம் என்று இரண்டு கோப்புகள் செய்தேன். அக்கா முதலில் சிவப்பு கேட்டார். கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் அச்சு மையின் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளிறும். வாடைக் காலத்து உப்பு ஈரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கருநீல எழுத்து, தந்த நிறப் பின்னணி என்று முடிவாயிற்று.

மூன்று மொழி

திருகோணமலையில் பலகை என்றால் மூன்று மொழியும் வேண்டும். சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி என்பது சட்டம். இந்த ஊரில் மூன்று மொழிக்காரரும் ஒரே வாங்கில் இருந்து கூழ் குடிக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆங்கில வரியைத் தூரிகையில் போடுவது மிக எளிது. நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் கிடைக்கும். அதைச் செய்யவில்லை. சாய்ந்து ஓடும் ஆங்கிலம் பக்கத்தில் வந்தால் தமிழ் அதைப் பார்த்து எழுதியதுபோல் ஆகிவிடும். சிங்கள வரிக்கு இந்தத் தமிழோடு நிற்கக்கூடிய தூரிகை எழுத்து கையில் அகப்படவில்லை. அரைகுறையான ஒன்றைப் போட்டு இன்னொருவர் மொழியைக் கோமாளியாக்கக் கூடாது. ஆகவே சிங்களமும் ஆங்கிலமும் ஒரே உயரத்தில், தெளிவான நேர் எழுத்தில், போதிய வெளியோடு நிற்கின்றன.

சுவர்

பக்கச் சுவருக்கு அச்சடித்த ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று அக்காவை இணங்கவைத்தேன். சொல்லைப் பெரிய தாளில் அச்சிட்டு, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் பிடித்து, கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் ஐயா தட்டினார். தாளை எடுத்ததும் சுவரில் புள்ளிக்கோடாகச் சொல் நின்றது. அதன் மேல் தட்டைத் தூரிகையால் எழுதத் தொடங்கியவர், 'ழ்' வந்ததும் கரிக்கோட்டை விட்டு விலகினார். வாலை அடியில் இன்னும் நீளமாக இழுத்து, இடப்பக்கம் 'கூ' வின் அடிவரை கொண்டுபோய் விட்டார். எழுத்துரு எழுத்தைத் தன் பெட்டிக்குள் முடித்தது. அவர் சொல்லை முடித்தார்.

அந்த வாலைப் படம் பிடித்து வந்து, வெளிக்கோட்டில் அப்படியே திருத்தினேன். பலகையும் ஓட்டோவும் அந்த 'ழ்' உடன்தான் போயின. அந்தத் திருத்தத்துக்கான கூலியை ஐயாவுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன், அக்கா மறுக்காமல் கொடுத்தார். சுவரில் எழுதிய நாள் கூலியில் அது அடங்காது. அவர் தந்தது ஒரு வடிவம்.

இப்போது மீதமுள்ள வேலை கடதாசிப் பைக்கான இறப்பர் முத்திரை. 'ய' வின் உடல் 5 மில்லிமீற்றருக்கு இறங்குகிறது. மை பரவுவதால் 'ஒ' வின் சுழியும் 'கூ' வின் உள்வெளியும் அடைத்துக்கொள்கின்றன. அந்த அளவுக்கு வறண்ட இழைகளை முழுக்க நீக்கி, உள்வெளிகளை அகலமாகத் திறந்து, புள்ளிகளை இன்னும் உயர்த்திச் சொல்லை வேறாக வரைந்துகொண்டிருக்கிறேன். வாலின் நீளம் மட்டும் ஐயா எழுதியபடியே இருக்கும்.